நீர் இல்லாத வீக்கம்

பக்கத்துக் குவார்ட்டர்ஸில் நொச்சி இலை வேகிறது. வாடை வந்ததுமே எழுந்துபோய் ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். என்ன ஆச்சு அத்தை என்று மருமகள் கேட்டாள். அவளிடம் என்னத்தைச் சொல்ல? அவள் மாமனார் நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருஷமாகியும் அந்த வாடையோடு உங்கள் அலறலும் வருகிறது. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நீங்கள் காண்ட்ராக்ட் கூலியாகச் சுரங்கத்துக்கு மேல்மண் வெட்டிக்கொண்டிருந்த காலம். மண்மேடு சரிந்து உங்கள் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு சேர்ந்துவிட்டது என்றார்கள். ஆனால் கால் சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. வேட்டி நுனி உரசினாலே பல்லைக் கடிப்பீர்கள்.

காண்ட்ராக்ட் மேஸ்திரிதான் உங்கள் பெயரைப் பர்மனென்ட்டுக்குச் சொல்ல வேண்டியவர். நீங்கள் மண்வெட்டி பிடித்து நின்றால்தான் சொல்வாராம். "நீர் கோத்துக்கினு இருக்குது, அவ்ளோதான். பிசைஞ்சி எறக்கிட்டா ஷிப்டுக்கு வந்துடலாம்" என்றார். நம் பக்கத்தில் எந்த வீக்கத்துக்கும் இதே வைத்தியந்தானே. கொதிக்கிற நொச்சித் தண்ணீரை ஊற்றி, கூட வேலைசெய்தவர்களே உங்களை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மாவு பிசைவதுபோல் பிசைந்தார்கள். விடுங்கடா பாவிகளா என்று நான் கத்தியதை யார் காதில் வாங்கினார்கள்? தினமும் பிசைந்தார்கள். வீக்கம் ஏறிக்கொண்டேதான் போனது.

கடைசியில், நடிக்கிறான் என்று சொல்லி மேஸ்திரி அந்தக் காலிலேயே மிதித்துப் பார்த்தார். கைக்கு எட்டிய மண்வெட்டிக் காம்பால் அவர் தாடையைப் பெயர்த்தீர்கள். பர்மனென்ட் அன்றோடு போயிற்று. போகட்டும், எனக்கு வயிறு குளிர்ந்தது.

அதற்குப் பிறகு உங்கள் கைக்கு எட்டியது நான் ஒருத்திதான். ஒரு மத்தியானம் போர்வையை இழுத்துவிட்டேன், அது காலில் பட்டுவிட்டது. நல்ல காலால் விட்டீர்கள் ஓர் உதை. அம்மிமேல் போய் விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது.

எனக்குக் கட்டுப்போட்ட டாக்டர், ஓரமாக நின்ற உங்கள் காலில் புறங்கையை வைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "இதுல நீர் ஏதுய்யா? எலும்பு சேர்ந்தாலும், அடிபட்ட எடத்துல கெளம்புன சூடும் வீக்கமும் அடங்கல. பிசையப் பிசைய அதைத் திரும்பக் கெளப்பி விட்டிருக்கீங்க. நரம்பே புண்ணாட்டம் ஆயிடுச்சி, தொட்டாலே வலிக்கத்தான் செய்யும்" என்றார்.

நீங்கள் தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதீர்கள். "கேட்டியா புள்ள, நான் நடிக்கல." என் கை ஒடிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நல்ல மனுஷன் போங்கள்.

பிசைவது நின்றதும் வீக்கம் மெல்ல வடிந்தது. வலி மட்டும் சாகும்வரை உங்களை விடவில்லை. அந்த உதையை நான் மன்னிக்கவில்லை, எதிரே வந்து நின்றாலும் மன்னிக்கமாட்டேன். என் மணிக்கட்டிலும் எலும்பு என்றைக்கோ சேர்ந்துவிட்டது. ஆனாலும் காலையில் எழுந்தால் வீங்கிச் சுடுகிறது. முந்தானை பட்டாலும் உயிர் போகிறது.

போன மாதம் சேத்தியாத்தோப்புக் கல்யாணத்தில் அந்த மேஸ்திரியைப் பார்த்தேன். கோணிய தாடையோடு, பந்தியில் உட்கார்ந்து, நடித்தே வேலையைக் கெடுத்துக்கொண்டவன் என்று உங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நேரே போய் அவர் இலைக்கு மேலே இந்தக் கையை நீட்டினேன்.

"தொட்டுப் பாருய்யா. இதுவும் நடிப்பா?"

அவர் தொடவில்லை.