சொல்லிவிட்டு அடிக்கும் ஆட்டம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே.

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போன வாரம் ஒரு கூத்து. வண்டியிலிருந்து ஒருத்தி சொல்லாமல் வீசிய போர்வை மூட்டை என் தோளில் விழுந்தது. பயப்படாதே, லேசான வீக்கம்தான். எங்கள் மேற்பார்வையாளர் அக்கா ஒரு டென்னிஸ் பைத்தியம். எல்லோரையும் நிறுத்திவைத்துப் பாடம் எடுத்தார். நம் தமிழில் சொன்னால் இப்படி:

"டென்னிஸ்ங்கிற பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? அந்தக் காலத்துல பிரெஞ்சுக்காரங்க பந்தை அடிக்கிறதுக்கு முன்னாடி 'தெனே'ன்னு கத்துவாங்களாம். 'இந்தா, பிடிச்சுக்கோ'ன்னு அர்த்தம். தோக்கடிக்கப் போறவங்களே சொல்லிட்டு அடிச்சாங்க. நமக்கென்ன கேடு?"

எவ்வளவு மரியாதையான ஆட்டம், பார்த்தாயா! அசந்துபோனேன். இங்கே பல ஊர்க்காரர்கள் இல்லையா, முதலில் அவரவர் பாஷையில் கத்திவிட்டு வீசினோம். என் "இந்தா!" எல்லோருக்கும் பிடித்துப்போய், கூடம் முழுக்க இப்போது அதுதான்.

நீ தேய்க்கும் தைலம் ஒரு புட்டி அனுப்பு. தோளுக்கு இல்லை, வாசனைக்கு.

வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன். நாள் முழுக்க "இந்தா" கேட்கிறது அம்மா. ஒவ்வொரு முறையும் ஆசையாக நிமிர்கிறேன். மூட்டைதான் வருகிறது, "இந்தாடி" என்று நீ நீட்டும் தட்டு வருவதில்லை.

உன் மகள்