நீ அனுப்பியதை நாங்கள் கேட்ட கதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். அம்மா நலம், நான் முக்கால் நலம், மீதிக் கால் இடது கையில் கட்டுப் போட்டுக் கிடக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும். கடையில் கத்தி வழுக்கிவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள் அல்லவா, அது நான் சொல்லச் சொன்ன பொய். நீயோ, நான் அனுப்பினதைக் கேட்டீங்களா அப்பா, ஏன் பதிலே இல்ல என்று விடாமல் கேட்கிறாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் வைத்துவிடுவேன், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

எங்கள் கறிக்கடையின் பின்னறை உனக்குத் தெரியும், கொக்கியில் தொங்குகிற தொடைகள், நடுவே இரும்பு மேசை, எந்நேரமும் ஈரமான தரை. வெட்டுகிற நேரத்தில் வாய் சும்மா இருக்கிறதே என்று நானும் வேன் டிரைவரும் பூனை மாமாவும் யார் என்ன படிக்கிறோம், என்ன கேட்கிறோம் என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்வோம். வருவதே தெரியாமல் வந்து நிற்கிறார் என்று நீ சின்ன வயதில் வைத்த பெயர்தான் பூனை, இன்றைக்குக் கடை முழுக்க அவனுக்கு அதுதான் பெயர். டிரைவருக்குப் பேய் வராத கதை கதையே இல்லை. பூனை, கப்பலில் போனவன், பனிமலை ஏறினவன் என்று தடித் தடிப் புத்தகமாகப் படிப்பான், நாங்கள் கொட்டாவி விட்டாலும் முடிக்காமல் விடமாட்டான். நான் நீ அனுப்புவதைப் போனில் போட்டுவிட்டு, என் மக அனுப்பினது என்று பீற்றிக்கொள்வேன். இந்த முறை நீ அனுப்பியது, சிறையிலிருந்து வந்த அந்த ஆள் மேடையில் நின்று தன் கதையைத் தானே சொல்கிற தொடர். நன்றாகத்தான் சொல்கிறான், இல்லை என்று சொல்லக்கூடாது. ஆள் மாற்றிக் குத்திய இடம் வந்தது. சந்தைப் பாலத்தில் எவனையோ தேடிப் போய் எவனையோ குத்தியிருக்கிறான். முதல் குத்து விலாவில் மாட்டிக்கிச்சு, திருகித்தான் இழுத்தேன் என்றான். செத்தவன் ஆடு மாதிரி கத்தினான் என்று சொல்லி அந்தக் குரலையும் எடுத்துக் காட்டினான், கூட்டம் சிரித்தது. டிரைவர், அப்படிப் போடு என்றான். நான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். செத்தவன் கையில் சின்னப் பிள்ளை போடுகிற சிவப்பு பூட்ஸ் இருந்ததாம், ஒன்று சாக்கடையில் விழ, மற்றதை நெஞ்சோடு பிடித்தபடியே போய்விட்டானாம். அந்த இடத்தில் பூனையின் கத்தி எலும்பிலேயே நின்றது. திரும்பப் போடு என்றான். ரசிக்கிறான் என்று நினைத்துப் போட்டேன். இன்னொரு வாட்டி என்றான். அதையும் போட்டேன். அப்புறம் கையைக் கழுவிவிட்டு, வயிறு சரியில்ல என்று வீட்டுக்குப் போய்விட்டான். அவனுக்கு ஓர் அண்ணன் இருந்ததோ, சம்பளம் வாங்கிய அன்று தம்பிக்கு பூட்ஸ் வாங்கி வரும் வழியில் பாலத்தில் செத்ததோ, ஒற்றை பூட்ஸை மட்டும் போலீஸ்காரர்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனதோ எனக்கு எப்படித் தெரியும் சொல். இத்தனை காலம் பக்கத்தில் நின்று வெட்டியிருக்கிறேன், ஒரு நாளும் அவன் அதைச் சொன்னதில்லை.

அந்த ஆள் புத்தகமும் போட்டிருக்கிறான், நம் கடைத்தெருப் புத்தகக் கடை மாடிக்குப் பேச வருகிறான் என்று டிரைவர்தான் செய்தி கொண்டுவந்தான். மூவரும் போனோம். பூனை தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தான். அந்த ஆள் பேசி முடித்து, கையெழுத்துக்காக எல்லோரும் வரிசையில் நின்றபோது பூனையும் ஒரு புத்தகத்தோடு எனக்கு முன்னால் நின்றான். வலது கை மட்டும் உடம்போடு ஒட்டிக் கீழே நேராக இருந்தது. திறந்த கத்தியோடு ஈரத் தரையில் நடக்கும்போது நாங்கள் அப்படித்தான் பிடிப்போம். டேய் என்று நான் சொல்வதற்குள் அவன் மேசை மேல் பாய்ந்து, அந்த ஆளின் முடியைப் பிடித்துப் பின்னால் வளைத்து, எலும்பு பிரிக்கிற கத்தியைத் தொண்டையில் வைத்துவிட்டான். பாலத்துல செத்தவன் பேரு என்ன, சொல்லு என்றான். பேரைச் சொல்லுடா என்று மறுபடியும் கத்தினான். மறந்துபோச்சுங்க, சத்தியமா மறந்துபோச்சு என்றான் அந்த ஆள். எங்கண்ணன் ஆடு மாதிரி கத்தினானா என்று கேட்டுக்கொண்டே பூனை கத்தியை இழுத்தான். நான் தோளைப் பிடித்துத் தள்ளியதில் தொண்டை தப்பியது, கன்னம் காதுவரை பிளந்து பல் தெரிந்தது. இரண்டாவது தடவை ஓங்கியபோது கத்தியை அலகோடு சேர்த்து என் இடது கையால் பிடித்துவிட்டேன். வலி அப்புறம்தான் வந்தது மகளே, முதலில் நரம்பு அறுகிற சத்தம்தான் கேட்டது, அது தினமும் கேட்கிற சத்தம்தானே, எனக்குத் தெரியாதா. கத்தி விழுந்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. கத்தி விழுந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கூட்டத்துக்கு வீரம் வந்தது. பூனையை நாற்காலியால் அடித்தார்கள். கொஞ்ச நேரம் முன்னால் கைதட்டிக்கொண்டிருந்த ஆட்கள் முகத்திலேயே மிதித்தார்கள், கண்ணாடி போட்ட ஒருத்தர் கனமான புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி அவன் வாயில் இடித்தார். நான் அவன் மேல் குப்புற விழுந்து படுத்துக்கொண்டேன், பாதி உதை எனக்கு. டிரைவர் ஒருத்தர் மூக்கை உடைத்துத்தான் எங்களை வெளியே இழுத்தான்.

அந்த ஆள் பிழைத்துக்கொண்டான், முகம் முழுக்கத் தையல். எனக்கு இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூனைக்கு விலா எலும்பு போச்சு, முன்பல் போச்சு, ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சிறை, கொலை முயற்சி என்று வழக்கு. நான்தான் முதல் சாட்சி, இருந்ததை இருந்தபடி சொல்லப் போகிறேன், அந்த ஆள் பெயரை மறந்ததையும் சேர்த்துத்தான். அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை, குழந்தை குட்டி இருக்கறவன் கத்தியைப் பிடிப்பானா என்கிறாள். நீ அனுப்பியதால் வந்தது என்று உனக்குத் தோன்றும், தோன்றக்கூடாது. நல்லாயிருக்கே, அப்பாவும் கேட்கட்டும் என்று அனுப்பினாய், அதே நினைப்பில்தான் நானும் போட்டேன். அந்தப் பகுதியை இப்போது முன்பைவிட நிறையப் பேர் கேட்கிறார்களாம். நான் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், ரோட்டைக் கடக்கும்போது காதில் இருப்பதைக் கழற்று. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் துணையாக, நிம்மதியாக வாழவேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒரு வேலை சொல்கிறேன், மறக்காதே. போன புதன்கிழமை பூனையைப் பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தான். என் கையை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், யாரும் சாகாத கதையா ஒண்ணு சொல்லேன் என்றான். நான் கேட்டது படித்தது எல்லாவற்றையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன், ஒன்றுகூட அகப்படவில்லை, அதற்குள் நேரம் முடிந்தது என்று எழுப்பிவிட்டார்கள். வருகிற புதன்கிழமையும் போகிறேன். அப்படி ஏதாவது உனக்குத் தெரிந்தால் உடனே அனுப்பு, முதலில் நீ கடைசிவரை கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்பு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா