அழுதது உனக்குத்தான், கண்டாக்கே

என் தங்கக் கண்டாக்கே,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. மழை இன்னும் விடவில்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் உன்னைப் புதைத்த இடத்தில் லீக்ஸ் நன்றாக வந்திருக்கிறது. நான் பிடுங்கவில்லை.

எலிக்குக் கடுதாசியா என்று படிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்ததை வேறு யாருக்கு எழுதித் தீர்ப்பேன்? என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த மறுவருஷம், கவ்வாத்து வெட்டிய தேயிலைக்கு அடியில் கண் திறக்காத குஞ்சாகக் கிடந்தாய். கொழுந்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து, பால்மாவைக் கரைத்துத் திரியில் நனைத்து ஊட்டினேன். பிழைக்க மாட்டாய் என்றுதான் நினைத்தேன்.

காலையில் வேலைக்கு ஆள் கூட்டப் பெரட்டுத் தப்பு அடித்ததும் வெளியே வருவாய். மீசையை ஆட்டிக்கொண்டு சட்டி பானையை ஒவ்வொன்றாக மோந்து பார்ப்பாய். ஒன்றும் சரியில்லை என்பதுபோல் தலையைத் தூக்குவாய். மலையில் எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையாவை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருக்கும். அதனால் நீயும் கண்டாக்கு. ஆனால் ரகசியமாகத்தான் கூப்பிடுவேன். வெளியே தெரிந்தால் என் பேரை வெட்டித் தோட்டத்தை விட்டே விரட்டியிருப்பார்கள்.

அந்த நிஜக் கண்டாக்கையாதான் ஆடி மாதம் என் ஒற்றையறைக் காம்பரா வாசலில் வந்து நின்றார். "ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு ஒரு காம்பரா? மாசக் கடைசிக்குள்ள தங்கச்சி வீட்டோட போயிரு."

தங்கச்சி வீட்டில் ஆறு பிள்ளைகள். அது பெரிசில்லை, ஒரு மூலையில் முடங்கிக்கொள்வேன். ஆனால் அங்கே பூனை இருக்கிறதே! உன்னை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயோ என் மடியில் உட்கார்ந்து ரொட்டியைக் கொறித்துக்கொண்டிருந்தாய், கவலை கெட்ட பயலே.

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. தப்புச் சத்தம் கேட்டும் நீ வரவில்லை. அடுப்போரச் சாக்கை விலக்கிப் பார்த்தால் விறைத்துக் கிடக்கிறாய். ரெண்டரை வயசு எலிக்குக் கிழட்டு வயசுதான், தெரியும். தெரிந்தும் வாசலில் விழுந்து கதறினேன்.

அடுத்த காம்பரா செல்லாயி ஓடி வந்தாள். "என்னாக்கா, என்னா ஆச்சு?"

"கண்டாக்கு போயிட்டாருடி!"

அத்தனை நாள் அடக்கி வைத்த பேர், அந்த நேரம் பார்த்து வாயில் வந்துவிட்டது.

"அய்யய்யோ! நேத்து சாயங்காலங்கூட நல்லாத்தானே ஏசிட்டுப் போனாரு!" என்று அவள் பெரட்டுக் களத்துக்குப் பறந்தாள்.

அன்றைக்கென்று கண்டாக்கையா பெரட்டுக்கு வரவில்லை. பல்வலி, முதல் பஸ்ஸிலேயே ராகலை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அது களத்தில் யாருக்குத் தெரியும்? "அப்ப இன்னைக்கு வேலை இல்லையா?" என்று ஒருவன் கேட்டானாம். யாரோ சிரித்தார்களாம். பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஒருத்தன் சாவுக்கு அடிக்கத் தப்பைத் தீயில் காய்ச்சவே ஆரம்பித்துவிட்டான். நான் இதொன்றும் அறியாமல், இடுப்பில் கட்டும் பழைய படங்கைக் கிழித்து உன்னைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவரே வந்தார். கன்னம் வீங்கி, வாயில் பஞ்சு. உன் பேர் அவர் காதுக்கு எட்டிவிட்டது, இன்றோடு வேலையும் போச்சு என்று எழுந்து நின்றேன்.

"நான் செத்தேன்னதும் ஒருத்தன் கண்ணுலயும் தண்ணி வரலியாம். நீ ஒருத்திதான் அழுதியாமே. செல்லாயி சொன்னா."

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. "ஐயா, அது வந்துங்க..."

"காம்பராவ நீயே வச்சிக்க. யாரும் கேக்க மாட்டாங்க."

சொல்லும்போது அவர் மீசை ஆடியது. அச்சு அசல் உன் மீசை. அடக்க முடியாமல் மறுபடியும் ஓவென்று அழுதுவிட்டேன்.

"அழாதம்மா," என்றார். அவர் குரலும் உடைந்துபோயிருந்தது. "நாந்தான் உசிரோட இருக்கேன்ல."

இப்போது மலையில் என்னைக் கண்டால், "மீனாச்சி, சாப்பிட்டியா?" என்று கேட்கிறார். மற்றவர்களை வழக்கம்போல ஏசுகிறார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. உனக்காக விடக்கூடாதென்று நினைத்த காம்பரா, நீ செத்ததால் கிடைத்திருக்கிறது. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டுமா, நீயே சொல்லு. தப்பு அடிக்கும்போது இன்னும் அடுப்போரம்தான் கண் போகிறது.

ஒரு சத்தியம் செய்கிறேன். கண்டாக்கையா மெய்யாகவே போகிற அன்றைக்கு அவருக்கென்றே அழுவேன். அந்த மனுஷனுக்கு அது நியாயம். ஆனால் அந்தக் காலையில் அழுததில் ஒரு சொட்டுக்கூட அவருக்குப் போகாது. அத்தனையும் உனக்குத்தான், ராசா.

இன்னும் அதே ஆறாம் நம்பர் காம்பராவில் இருக்கும்
உன் அம்மா,
மீனாச்சி