தலையில் வைத்த கை

புதுப்பட்டினம்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

என் அன்பு மகள் கவியாவுக்கு அம்மா ஹெலன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் அப்பாவும் நானும் உன் அண்ணன் ஸ்டான்லி குடும்பமும் எழுந்து நடமாடும் அளவுக்குச் சுகமாகவே இருக்கிறோம். நீ எந்த ஊரில் எந்த ஓட்டலில் இருந்தாலும் உடம்பு நோகாமல், முக்கியமாக அந்த மணிக்கட்டு நோகாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று முகத்தைச் சுளிப்பாய், எனக்குத் தெரியும். போனில் எப்படிச் சொல்வது? நீ பேசும்போதெல்லாம் பக்கத்துக் கட்டிலில் உன் ஜோடி சஹானா இருக்கிறாள், ஆன்ட்டி சாப்டீங்களா என்று நடுவில் தலையை நீட்டுகிறாள். மெசேஜ் எழுதி அனுப்பலாம் என்றால் உன் போனில்தான் அவள் பாட்டு கேட்கிறாள். அதனால் கோவளம் ஷபானா கையில் கொடுத்து அனுப்புகிறேன். துபாயில் நர்ஸாக இருக்கிறாளே, அவள்தான். லீவு முடிந்து புதன்கிழமை கிளம்புகிறாள், நீ அங்கே ஆட வரும் இடத்துக்கே வந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாள். சஹானா குளிக்கப் போன நேரம் பார்த்துப் படி.

அப்பாவுக்கு இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் விடியற்காலையில் டென்னிஸ் கிளப்புக்குப் போய் மண் கோர்ட்டுக்குத் தண்ணீர் காட்டி, ரோலர் இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கிறார். சொன்னால் கேட்கிற ஆளா? புதிதாக வந்த ஆபீசர் ஒருவர் உங்க பொண்ணு சிங்கிள்ஸ் ஆடாதா என்று கேட்டாராம். அப்பாவுக்கு வந்ததே கோபம், தனியா ஓடறதுக்கு இன்னா சார், கூட நிக்கிறவ எங்க கீறான்னு திரும்பிப் பாக்காம தெரியணும், அதுக்கு வேற மண்டை வேணும் என்று சொல்லிவிட்டு வந்தாராம். வீட்டுக்கு வந்து அதையே நாலு தடவை சொன்னார். ஸ்டான்லிக்கு சிறுசேரி கம்பெனியில் ஏசி வேலை இன்னும் ஒரு வருடத்துக்கு உறுதி. அவன் பெண்டாட்டி துர்காதேவிக்கு ஆறாம் மாதம், மீன் வாசனை பட்டால் குமட்டுகிறதாம். புதுப்பட்டினத்தில் இருந்துகொண்டு மீன் வாசனை வேண்டாம் என்றால் நான் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் என் தையல் கடையில் வந்து உட்கார்ந்து பட்டனுக்குக் காஜா எடுத்துத் தருகிறாள், துணி வாசனைதான் ஒத்துக்கொள்கிறதாம்.

சரி, சுற்றி வளைத்தது போதும். மூன்று வாரமாக நீ என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த ஸ்லோவாக்கியாப் பெண் வருகிற சீசன் முழுக்கத் தன்னோடு சேர்ந்து ஆடக் கூப்பிடுகிறாள் என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்காமல் இல்லை. டபுள்ஸில் இரண்டு பேருடைய ரேங்கையும் கூட்டித்தான் உள்ளே விடுவார்கள், அவளோடு என்றால் பெரிய போட்டிகளில் நேராகப் பேர் ஏறும், சஹானாவோடு என்றால் யாராவது விலகுவார்களா என்று கடைசி நாள் வரை காத்துக் கிடக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாய். இருபத்தொன்பது ஆகிவிட்டது, இன்னும் நாலைந்து வருடம்தான் கால் ஓடும் என்றாய். ஆபரேஷனுக்குப் பிறகு சஹானாவின் தோள் பழையபடி ஆகவில்லை, எதிரில் இருப்பவர்கள் எல்லாப் பந்தையும் அவள் பக்கமே அடிக்கிறார்கள், நான் வலையோரம் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், கூண்டுக்குள் நிற்பது மாதிரி இருக்கிறதும்மா என்றாய். நான் என்ன செய்தேன்? அதெல்லாம் வேணாம், அவள வுட்டுட்டு நீ ஆடாத, அவ்ளோதான் என்று சொல்லி, குக்கர் விசில் வருது என்று போனை வைத்துவிட்டேன். அன்றைக்குக் குக்கரே வைக்கவில்லை. ஏம்மா, ஒரே ஒரு காரணம் சொல்லு என்று அதற்குப் பிறகும் இரண்டு தடவை கேட்டாய். காரணம் இருக்கிறது. சொன்னால் நீ என்னை வெறுத்துவிடுவாயோ என்று பயந்து பதினைந்து வருடமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு அப்போது பதினான்கு வயது. கோயம்புத்தூரில் நீயும் சஹானாவும் ஜோடியாக ஜெயித்துவிட்டு, அவள் அப்பா சுப்புராமன் சார் காரில் எல்லோரும் திரும்பி வந்துகொண்டிருந்தோம். அன்று மைதானத்தில் சென்னைக் கோச் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்க பொண்ணை எங்ககிட்ட இருக்கிற ஒருத்தியோட சேர்த்து ஆட வைக்கலாம், இப்ப கூட ஆடுற பொண்ணு இவளைப் பின்னால இழுக்குது என்று சொன்னார். சஹானாவின் அம்மா லதா அக்கா பின்னாலேயே நின்றிருந்தார்கள். அது அவர்கள் காதில் விழுந்துவிட்டது. வழி முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார்கள். செங்கல்பட்டுக்கு முன்னால் பாலாற்றுப் பாலத்தில் லாரி ஒன்று நின்றுபோய் வண்டிகள் எல்லாம் மாட்டிக்கொண்டன, பொழுது சாய்கிற நேரம். சார் என்னவென்று பார்க்க இறங்கிப் போனார். சஹானா முன்சீட்டில் தூக்கம், நீ என் மடியில் தூக்கம். அப்போதுதான் லதா அக்கா மெதுவாக, ஹெலன், சஹானா கவியா அளவுக்கு ஆட மாட்டா, எனக்குத் தெரியும், ஆனா கவியா இல்லன்னா அவ ராக்கெட்டையே தொட மாட்டா என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மெம்பர் வீட்டுப் பிள்ளைகள் ஆடும் கோர்ட்டில் கோடு போடுகிறவர் மகளும் ஆடுகிறாள் என்றால் அது கிளப்பில் சார் ஒரு வார்த்தை சொன்னதால்தான். இவர்கள் மனசு கோணினால் நாளைக்கு நீ வலைக்கு அந்தப் பக்கம் பந்து பொறுக்கிக்கொண்டிருப்பாய் என்று தோன்றியது. யாரும் கேட்காமல் நானாகவே உன் தலையில் வலது கையை வைத்து, எம் பொண்ணு மேல சத்தியம்க்கா, இவ ஆடுற வரைக்கும் சஹானா கூடத்தான் ஆடுவா, வேற யாரோடயும் சேர மாட்டா என்று சொல்லிவிட்டேன். ஆணையிடாதே என்று பைபிளிலேயே இருக்கிறது, ஆனாலும் கை போய்விட்டது. உன் தலை வெயிலில் சுட்டுக் கிடந்தது இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது.

பிள்ளை தலையில் வைத்த சத்தியம் தவறினால் பிள்ளைக்குத்தான் ஆகும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். பத்தொன்பது வயதில் சஹானாவுக்குப் பரீட்சை என்று புனேயில் ஒரே ஒரு போட்டிக்கு வேறு பெண்ணோடு சேர்ந்து ஆடினாயே, இரண்டாம் நாளே விழுந்து மணிக்கட்டு முறிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் தரை ஈரம் என்றார்கள். என் சத்தியம்தான் என்று எனக்கு மட்டும் தெரியும் என நினைத்துக்கொண்டேன். போன வருடம் சஹானா தோள் ஆபரேஷனுக்காக மூன்று மாதம் நின்றபோது நீ இந்த ஸ்லோவாக்கியாப் பெண்ணோடு ஆடி ஒரு கோப்பையும் ஜெயித்தாய். அந்த மூன்று மாதமும் நான் ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. தவக்காலம்கூட இல்லையே என்று நீ கேட்டதற்கு டாக்டர் எடை குறைக்கச் சொன்னார் என்று புளுகினேன். நீ ஜெயித்த அன்று தெருவே கொண்டாடியது. நான் போய் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில் அல்ல. இன்னொன்றும் சொல்கிறேன். ஏர்போர்ட்டில் அப்பா உன் தலையில் கை வைத்து ஜெபிக்கிறார், நீ மட்டும் ஏம்மா நெற்றியில் சிலுவை போடுவதோடு நிறுத்திக்கொள்கிறாய் என்று ஒரு தடவை கேட்டாய். அந்தக் காருக்குப் பிறகு உன் தலையில் நான் கை வைத்ததே இல்லை. எண்ணெய்கூட நீயே தேய்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன், நீ பெரிய பெண் ஆகிவிட்டாய் என்று சாக்குச் சொல்லி.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. சத்தியத்தை யாரிடம் செய்தேனோ அவர்களிடமே கேட்டு விடுவித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று போன வியாழக்கிழமை கிளம்பிவிட்டேன். சார் ரிட்டயர் ஆனபின் ஊரப்பாக்கத்தில் பிளாட் வாங்கிப் போய்விட்டார்கள் அல்லவா, செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின். வழியெல்லாம் என்ன பேசுவது என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன், எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா நான் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். சார் வீட்டில் இல்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. லதா அக்கா காபி கொடுத்தார்கள். நான் எழுந்து நின்று, அக்கா, பாலாத்துப் பாலத்துல நான் பண்ணின சத்தியத்துல இருந்து என்னை வுட்டுடுங்க என்றேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. எந்த சத்தியம் ஹெலன் என்றார்கள். கார், லாரி, நெரிசல் எல்லாவற்றையும் சொன்னேன். நெரிசல் ஞாபகம் இருக்கு, அதுக்கப்புறம் சஹானா கார்ல வாந்தி எடுத்தாளே, சத்தியமா பண்ணீங்க, எனக்கு நினைவே இல்லையே என்றார்கள்.

பதினைந்து வருடம், கவியா. நான் அதற்குள்ளேயே சமைத்து, தைத்து, தூங்கி எழுந்திருக்கிறேன். அவர்களுக்கு வாந்தி எடுத்தது ஞாபகம் இருக்கிறது, என் சத்தியம் ஞாபகம் இல்லை. என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும், சரி, விட்டுட்டேன்னு வச்சுக்கோங்க என்று தோளைத் தட்டினார்கள். வாங்கியதே தெரியாதவர்கள் எதை விடுவிப்பது? போனபோது இருந்த கனம் அப்படியே இருந்தது.

கிளம்பும்போதுதான் லதா அக்கா வாய் திறந்தார்கள். தோள் ஆபரேஷன் முடிந்ததுமே சஹானா, எனக்குப் போதும்மா, நான் நிறுத்திக்கறேன் என்று அழுதாளாம். சார்தான், நீ நிறுத்திட்டா கவியா யாரோட ஆடுவா, சின்னதுல இருந்து உன்னை நம்பி வந்த பொண்ணு, பாதியில விடுற பழக்கம் நம்ம வீட்டுல கிடையாது என்று சொல்லி அனுப்பிவைத்தாராம். கவியாவுக்காகத்தான் போறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் விமானம் ஏறினாளாம். தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் கோர்ட்டில் இறங்குகிறாளாம், உனக்குத் தெரியுமா? நீ அவளுக்காக நிற்கிறாய், அவள் உனக்காக நிற்கிறாள், இரண்டு பேரையும் அங்கே நிறுத்தி வைத்துவிட்டு நாங்கள் பெற்றவர்கள் இங்கே காபி குடித்துக்கொண்டிருக்கிறோம். இதைக் கவியாகிட்ட சொல்லிடாதீங்க ஹெலன், சத்தியம் பண்ணுங்க என்று லதா அக்கா கையை நீட்டினார்கள். நான் காபி டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை, இன்னாடி பேஜாரு இது, கைய வச்சது நீ, அவ தூங்கிக்கினு இருந்தா, அவளுக்கு இன்னா தெரியும், மாட்டிக்கினது நீ, நீயே மாட்டிக்கினு இரு, பொண்ண வுடு என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். நீ வேறு ஒருத்தியோடு கோர்ட்டில் இறங்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது. அது என் பாடு, நீ அதை எடுத்துக்கொள்ளாதே. போ என்று எழுத இந்தக் கை இன்னும் வரவில்லை மகளே. போகாதே என்று இனிமேல் எழுதாது.

அடுத்த திங்கட்கிழமைக்குள் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சொன்னாய். அதற்குள் சஹானாவிடம் பேசு. சஹானா குளிக்கும்போது படி என்று மேலே எழுதினேன், அதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள், படித்து முடித்ததும் அவளிடமே கொடு. லதா அக்காவுக்குக் கோபம் வந்தால் வரட்டும், நான் டம்ளரைத்தான் பிடித்தேன், அவர்கள் கையை அல்ல. பார்சலில் இரண்டு ஸ்கர்ட் இருக்கிறது. வழக்கம்போல ஒரே துணியில் இரண்டையும் வெட்ட உட்கார்ந்தேன், கத்திரிக்கோல் ஓடவில்லை. உனக்குப் பச்சையிலும் அவளுக்கு ஊதாவிலும் தைத்திருக்கிறேன். அவளுடையதில் இடுப்பைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறேன், கோர்ட்டுக்கு வெளியிலும் போட்டுக்கொள்ளட்டும். நெத்திலிக் கருவாட்டுப் பொடியை மூடி திறந்து வைத்துவிடாதே, ஓட்டலை விட்டே துரத்திவிடுவார்கள். மணிக்கட்டுக்குப் பட்டி கட்டாமல் இறங்காதே.

மாதா உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருக்கட்டும். கடிதத்தின் கடைசியில் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன் என்று எல்லா அம்மாக்களும் எழுதுவார்கள், நான் இதுவரை உனக்கு எழுதியதில்லை, இப்போதும் எழுதவில்லை. நீ வா. எந்த ஜோடியோடு ஆடினாலும், ஆடாவிட்டாலும் வா. வந்து இந்தத் தையல் மெஷின் பக்கத்தில் கொஞ்சம் தலையைக் குனிந்து உட்கார். எண்ணெய் வைத்துவிடுகிறேன், வாயைத் திறக்காமல்.

உன் அம்மா,
ஏ. ஹெலன்