பாதியில் நிறுத்திய நெருப்பு

ஜூலை 5, வெள்ளி

ஞாயிறு பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கிறேன். வேதப் பாட்டுகளில் தெய்வத் தீர்ப்பின் நெருப்பு. இந்தத் தலைப்பை நானாகத்தான் இழுத்து விட்டுக்கொண்டேன். மூன்று வாரம் பேசுவதாக அறிவித்தும் ஆயிற்று. புரட்டப் புரட்ட எங்கும் தீ. ஒரு சங்கீதத்தில் கடவுளுக்கு முன்னால் தீ நடந்து போகிறது, மலைகள் மெழுகாய் உருகுகின்றன. இன்னொன்றில் பகைவர்கள் முள்ளைப்போலப் படபடவென்று எரிந்து உடனே அணைந்துபோகிறார்கள். எழுதியவர்கள் அடுப்பு மூட்டத் தெரிந்தவர்கள்.

மனைவியிடம் சொன்னேன். முள் எரிந்தால் சத்தம்தான் பெரிது, உலை கொதிக்காது என்று விளக்கினேன். "அது பிரசங்கத்துக்கும் பொருந்துமே" என்றாள். இவளை வீட்டில் வைத்துக்கொண்டு எப்படிக் கர்வப்படுவது?

ஜூலை 7, ஞாயிறு

இன்று நன்றாக அமைந்தது. ஒரு தீர்க்கதரிசியின் நீண்ட பாட்டை எடுத்துக்கொண்டேன். ஊர் ஊராகத் தீ அனுப்புகிறார். அக்கம்பக்கத்து நாடுகளின் மதில்கள், அரண்மனைகள் ஒவ்வொன்றாகப் பற்றுகின்றன. ஒவ்வோர் ஊர் எரியும்போதும் சபையிலிருந்து ஆமென் வந்தது. அடுத்தவன் ஊர்தானே.

பாதியில், வழக்கம்போல, எதிர்ப் பட்டறையிலிருந்து அறுப்பு மெஷின் சத்தம். பட்டறை என் மைத்துனனுடையது. மனைவிக்கு ஒரே தம்பி. அவள் சின்னவன் என்றே கூப்பிடுவாள். இரண்டு வருடமாக ஆலயப் படி மிதிப்பதில்லை. ஒரு வேதபாட வகுப்பில், "உங்க ஆண்டவருக்கு எரிக்கிறதைத் தவிர வேற வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டான். சபைச் செயலாளர் வெளியே போகச் சொன்னார், போய்விட்டான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் மரம் அறுக்கிறான்.

நான் ஜன்னல் பக்கம் கை காட்டி, "கேட்கிறதா? காய்ந்த மரத்தில்தான் தீ சீக்கிரம் பிடிக்கும்" என்றேன். சபை கொல்லென்று சிரித்தது. சொல்லி வைத்தாற்போல் மெஷினும் நின்றது. அதற்கு இன்னொரு சிரிப்பு.

அதற்குள் செயலாளர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பாட்டின் மறுபாதி அடுத்த வாரம் என்று முடித்தேன். மனைவி மட்டும் சாப்பாட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஜூலை 8, திங்கள்

நான் தாள் வைத்துப் பேசும் மரப் பிரசங்க மேடையின் ஒரு கால் ஆடுகிறது. சரிசெய்யக் கொடுத்திருப்பதாக மனைவி சொன்னாள். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 10, புதன்

சின்னவனின் பட்டறை எரிந்துவிட்டது.

மத்தியானம் அவன் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த நேரம். நான் ஓடிப்போனபோது கூரை இறங்கிவிட்டது. அவன் திரும்பி ஓடிவந்து உள்ளே நுழைந்திருக்கிறான். ஆள் பிழைத்தான், இடது கையில் தீக்காயம். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அந்த ஞாயிற்று வார்த்தை— நான் எதற்கு அதைச் சொன்னேன்? யார் கேட்டார்கள்?

ஜூலை 11, வியாழன்

தீயணைப்பு அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார். மின்சாரக் கோளாறு இல்லை. மரத்துக்கு எண்ணெய் தடவித் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், அவை தாமாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளுமாம். "விரிச்சுக் காயப் போட்டிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் தெருவில் இந்தக் காரணம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. போதகர் சொன்னார், நடந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஜூலை 14, ஞாயிறு

ஆலயம் நிரம்பி வழிந்தது. கடைசி பெஞ்சுக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பயம். செயலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க சொந்தம்னுகூட ஆண்டவர் பார்க்கல, போதகரே" என்றார். ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்.

மேடை இன்னும் திரும்பி வரவில்லை. மறுபாதி பேசவில்லை. வெள்ளியைப் புடமிடுகிறவன் நெருப்பின் அருகே பொறுமையாய் உட்கார்ந்திருக்கும் பாட்டைப் பேசினேன். நல்ல பாட்டு, யாருக்கும் வலிக்காது. பதவிசாகத் தப்பித்துக்கொண்டேன். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அப்படித்தான் எனக்கு இந்தக் கூட்டம்.

இத்தனை வருட ஊழியத்தில் இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை. உள்ளுக்குள் ஒரு மூலையில் பிடித்தும் இருந்தது. எழுதவே கூசுகிறது.

ஜூலை 16, செவ்வாய்

துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள். "மேடையைச் சின்னவன்கிட்டதான் கொடுத்தேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. திங்கட்கிழமை ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போய் அவனிடம் கொடுத்திருக்கிறாள். இப்படியாவது அந்தப் படியை மிதிக்கமாட்டானா என்று ஒரு நப்பாசை. அவனும் மறுக்கவில்லை. காலைச் சரிசெய்து, புதன் காலையில் முழு மேடைக்கும் எண்ணெய் தடவித் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான்.

அப்படியானால் அந்தத் துணி?

"அதே துணிதான்" என்றாள். "கை எப்படி வெந்துச்சுன்னு நினைக்கிறீங்க? மெஷினை விட்டுட்டு மேடையை இழுக்கப் போயிருக்கான். அது வரல."

பிறகு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மீதித் துணியை மடித்தேன்.

ஜூலை 18, வியாழன்

பட்டறைக்குப் போனேன். சின்னவன் ஒற்றைக் கையால் கரியைக் கிளறி, ஆணி, திருகு, உளி இரும்பு என்று பொறுக்கிக்கொண்டிருந்தான். நானும் குனிந்து பொறுக்கினேன். ஒரு டப்பா நிறைந்த பிறகு பேசினான்.

"நீங்க சாபம் விட்டீங்கன்னு நான் நம்பல, மாமா. துணியைச் சுருட்டிப் போட்டது நான்தான். ஆனா அன்னைக்கு நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அது கேட்டுச்சு."

மெஷின் ஓடும்போது எப்படிக் கேட்டது என்றேன்.

"நிறுத்திட்டேனே. அந்த ஊர் ஊரா எரியுற பாட்டு நல்லா இருந்துச்சு. கொஞ்சம் காதுல விழுந்துச்சு, மீதியும் கேக்கலாம்னு நிறுத்தினேன்."

வீட்டுக்கு வந்தும் அந்த வார்த்தையிலேயே நிற்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே வாய் நுணலுடையது, கெட்டவன் வேறொருவன்.

ஜூலை 20, சனி

பாட்டின் மறுபாதியைத் திரும்பப் படித்தேன். அண்டை நாடுகளோடு தீ நிற்கவில்லை. பாடுகிறவரின் சொந்த நாட்டு மதிலும் பற்றுகிறது. அப்புறம் பாட்டு, அதுவரை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கமே திரும்புகிறது. மற்றவர்களுக்கு நாலைந்து வரி, அவர்களுக்கு மட்டும் பக்கம் பக்கமாக. அந்த இடத்துக்காகத்தான் முன்பாதியே. அதை நான் கடிகாரத்துக்குப் பயந்து பாதியில் வெட்டினேன். வெட்டிய இடத்தில் ஒரு நகைச்சுவையும் வைத்தேன்.

பாழான நகரத்துக்கு ஒப்பாரி வைத்தவரையும் படித்தேன். மேலேயிருந்து வந்த தீ என் எலும்புக்குள் இறங்கிற்று என்கிறார். என் எலும்பு என்கிறார், அடுத்தவன் எலும்பு என்று சொல்லவில்லை.

நாளை சொல்லிவிட வேண்டும். சபைக் கமிட்டி என்ன செய்யும்? இந்த வீடு சபையுடையது. மனைவியிடம் கேட்டேன். "பெட்டி கட்டத் தெரியாதவளா நான்?" என்றாள்.

ஜூலை 21, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மேடை இல்லை, தாளைக் கையில் பிடித்துத் தரையில் நின்றேன். பாட்டை முதலிலிருந்து வாசித்தேன். அண்டை நாடுகள் எரிந்தவரை ஆமென் வந்தது. அதற்குப் பிறகு இல்லை. எரிந்தது நம் மேடையும்தான் என்றேன். அதைத் துடைத்த துணியில்தான் தீ பிடித்தது, அதை வெளியே இழுக்கப் போய்த்தான் அவன் கை வெந்தது என்றேன். அவன் மெஷினை நிறுத்தியது கேட்பதற்காக. அவனுக்குக் கேட்டது நம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை மூட்டியவன் நான். தீர்ப்பு என்று ஒன்று இருந்தால் அது தெருவின் இந்தப் பக்கம்தான் தொடங்கும் என்றேன்.

பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் நடுவிலேயே போய்விட்டார்கள். செயலாளர் இந்தமுறை கடிகாரத்தைக் காட்டவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 28, ஞாயிறு

கூட்டம் பழைய அளவுக்கும் கீழே. கமிட்டி கூடியது; என் பேச்சால் "மனவருத்தம்" என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதியதோடு விட்டுவிட்டார்களாம். பெட்டி கட்ட வேண்டியதில்லை. எதிரே மெஷின் சத்தம் இல்லாமல் ஆலயம் என்னவோபோல் இருந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாயங்காலம் ஆலயத்தில் தனியாக இருந்தேன். வாசலில் செருப்பு விடும் சத்தம். சின்னவன். நண்பர் ஒருவர், ஆலயத்துக்குப் பின்னாலுள்ள தன் பட்டறையில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாராம். நேரே என்னிடம் வந்தான், சட்டைப்பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தான். இடது கையில் இன்னும் கட்டு.

"இந்த முனையைத் தரையில மிதிச்சுக்குங்க, மாமா. நேரா நில்லுங்க."

மிதித்துக்கொண்டேன். என் முழங்கை வரைக்கும் அளந்தான். பழைய மேடை எனக்கு உயரம் அதிகமாம், புது மேடையில் கொஞ்சம் குறைக்கப்போகிறானாம். நான் சரி என்றேன்.

"ஞாயித்துக்கிழமை வேலை செய்வேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றான்.

செய் என்றேன்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான். "பிரசங்கம் நல்லா இருந்தா நானே மெஷினை நிறுத்திடுவேன்."

இந்த ஞாயிற்றுக்கு இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. நாளை காலையில் உட்கார வேண்டும்.