செபமாலைமுத்து மகன்

12 செப்டம்பர் 1989

லண்டன் மியூசியத்தில் என்னை அயர்லாந்துக் கற்கள் நிற்கும் பக்கத்துக்குக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் இறந்தவர்களுக்கு நட்டவை. எழுத்து என்று சொன்னால்தான் எழுத்து. விளிம்பில் வரிசையாகக் கொத்திய கோடுகள். பொருள் அட்டையில் இருக்கிறது: இன்னாரின் மகன் இன்னார். வேறொன்றும் இல்லை.

எட்டு மணித்தியாலம் முன்னால் நிற்க எரிச்சலாக வந்தது. எந்தக் காலத்து ஐரிஷ்காரனுக்கும் தகப்பன் பெயரோடு கல் இருக்கிறது. போன மாரியில் நெஞ்சுவலியில் போன என் அண்ணை அருள்நேசன், ஈஸ்ட் ஹாம் பக்கத்துச் சேமக்காலையில் 'இராஜேந்திரன்' என்ற மரச்சிலுவையின் கீழே கிடக்கிறார். ஏஜென்சிக்காரன் கொடுத்த பாஸ்போர்ட்டின் பெயர். அந்தப் பெயரில் வந்தார், அதிலேயே செத்தார்.

30 செப்டம்பர்

சரியான பெயரில் கல் வைப்போம் என்று அண்ணையின் மனைவி மேரிறோஸ் மச்சாளிடம் கேட்டேன்.

"தம்பி, அவரின்ர அகதிக் கேஸிலதான் நானும் பிள்ளையும் இருக்கிறம். பேர் பொய்யெண்டு தெரிஞ்சால் எங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். கல்லை விடுங்கோ."

விடத்தான் வேண்டும். விடுகிறேனா?

2 நவம்பர்

மரித்த விசுவாசிகள் தினம். மெழுகுதிரி காற்றில் நிற்கவில்லை. இராஜேந்திரனுக்காகச் செபிக்க எனக்கு வாய் வரவில்லை. மச்சாள் பெயரே சொல்லாமல் செபித்தார்.

14 நவம்பர்

கல்லைச் சுற்றிச் சுற்றி நடக்கிறேன் என்று சூப்பர்வைசர் பேசினான். பேசட்டும்.

17 நவம்பர்

செய்துவிட்டேன். கல் வெட்டுகிறவரிடம் 'செபமாலைமுத்து மகன் அருள்நேசன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மச்சாளுக்குச் சொல்லவில்லை.

25 நவம்பர்

விசரன் நான். கல் வைக்க, குழி யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். படிவம் நேரே மச்சாள் வீட்டுக்குப் போய்விட்டது.

"என்ர பிள்ளையை வைச்சோ விளையாடுறியள்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அவ சொன்னதில என்ன பிழை? எனக்கு விசா இருக்கு, நான் கதைப்பன் — வெட்கமாக இருக்கிறது.

3 பெப்ரவரி 1990

இரண்டு மாதத்துக்குப் பிறகு மச்சாளின் குரல். லோயரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம்.

"பொய்ப் பேரில செத்தது காணும், தம்பி. படிவத்தில கையெழுத்து வைச்சிட்டன்."

இனிக் கேஸ் என்ன ஆகுமென்று லோயருக்கே தெரியாது. நான் கேட்டதுதான் நடந்திருக்கிறது. ஆனால் பயமாக இருக்கிறது.

2 நவம்பர் 1990

கல் வைத்தாயிற்று. கேஸ் இன்னும் முடியவில்லை.

மச்சாளின் மகளுக்கு ஏழு வயது. லண்டனுக்கு வந்தபோது கைக்குழந்தை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததை வைத்துக் கல்லை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"சித்தப்பா, அருள்நேசன் ஆர்?"

நான் மச்சாளைப் பார்த்தேன். அவர் முழங்காலில் இருந்தபடியே மெழுகுதிரியைக் கொளுத்தினார்.

"உன்ர அப்பா, பிள்ளை."