களத்தில் தெரிந்த ஏரி

சேவுகம்பட்டி,
ஐப்பசி 14, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் புவனேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் முழங்கால் வலி ஒன்றைத் தவிர மற்றபடி எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன், அங்கே ஜெர்மனிக் குளிரில் நீ சளி இருமல் இல்லாமல் இருக்க குச்சனூர் சனீஸ்வரன் பார்த்துக்கொள்ளட்டும், வேறு எந்தச் சாமியைக் கூப்பிட, நீ பகலும் இரவும் கட்டிக்கொண்டு அழுவது அவருடைய நிலாவைத்தானே. போனில் பேசாமல் எதற்கு இந்தக் காலத்தில் தாளும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் என்றால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்வாய், கடைசியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய். தாளில் நீ குறுக்கே பேச முடியாது. வத்தலக்குண்டு தபாலாபீசில் நானே போய் நின்று அனுப்பப்போகிறேன், வந்ததும் உட்கார்ந்து முழுக்கப் படி, பாதியில் மடித்து வைக்காதே, பாதியில் நிறுத்துகிற பழக்கத்தால்தான் நம் வீட்டில் இம்புட்டும் வந்தது.

பக்கத்து வீட்டு ஒச்சாயி பேத்திக்குப் போன வாரம் காது குத்தினார்கள், உன்னைக் கேட்டார்கள், கறிக்குழம்பில் உப்புத் தூக்கல். தென்னையில் ஆறு மரம் மொட்டையாகிவிட்டது. தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா, போட்டோவில் உன் முடி தேங்காய் நார் மாதிரி இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி முகேஷ் ஏன் என் போனை எடுக்க மாட்டேங்குறான் என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய், நானும் வேலை என்றேன், சிக்னல் இல்லை என்றேன், போன் தொட்டியில் விழுந்துவிட்டது என்றேன். இப்போது தை மாதம் வாரேன், நேரே திருப்பூர் போய் அவன் சட்டையைப் பிடிச்சுக் கேக்குறேன் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். அவன் எடுக்க மாட்டான். நம் களத்தில் போர் போட்டது, தண்ணீர் வராமல் போனது, விவசாயத்தை விட்டு அவன் சாயப்பட்டறையில் போய் நிற்பது எல்லாமே நீ சொன்ன ஒரு வார்த்தையால் என்று நினைக்கிறான். ஆமாம், போர் போட்டோம். போடவில்லை என்றும், கூடச் சம்பளம் என்று அவன் ஆசைப்பட்டுத் திருப்பூர் போனான் என்றும் உன்னிடம் சொன்னது நான்தான், பொய்தான்.

சித்திரையில் நீ வந்திருந்தபோது சாயங்காலம் களத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம், ஞாபகம் இருக்கிறதா. நான், தம்பி, ஒச்சாயி. நீ போனில் அந்தப் படத்தைக் காட்டினாய். சனியைச் சுற்றி டைட்டன் என்று ஒரு நிலா, அதை எப்போதும் புகை மாதிரி மூடிக் கிடக்கிறது, கேமராவுக்குத் தரை சரியாகத் தெரியாது, அதனால் விண்கலம் பக்கத்தில் போகும்போதெல்லாம் ரேடார் அலையைக் கீழே அனுப்பி, தரையில் பட்டு எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்த்துப் படம் எடுத்தார்கள் என்றாய். அந்தக் கலம் சனிக்குள்ளேயே விழுந்து எரிந்து எட்டு வருஷமாகிவிட்டது, அது அனுப்பியதை இன்னும் பார்த்துத் தீரவில்லை என்றாய். செத்துப்போன ஒன்று அனுப்பிய படத்தை எட்டு வருஷம் பார்க்கிறவள் உயிரோடிருக்கிற அம்மா அனுப்பிய படத்தை எத்தனை நிமிஷம் பார்த்தாய் என்று நான் பிறகு கேட்பேன், பதில் யோசித்து வை. படத்தில் மை கொட்டின மாதிரி அங்கங்கே கருப்பு. அது என்னக்கா என்றான் தம்பி. கருப்பா இருந்தா ஏரிடா என்றாய். எதனால கருப்பு என்று அவன் விடாமல் கேட்டான். நீ சிரித்தாய். அது பெரிய கதைடா, ஒனக்கு இம்புட்டுப் போதும் என்றாய். ஊர் உலகத்துக்கெல்லாம் மேடையில் நின்று மணிக்கணக்காக விளக்குகிறவள், கூடப் பிறந்தவனுக்கு அரை வரி அளந்து போட்டாய். அந்த ஏரியில் கிடப்பது தண்ணீரே இல்லை, அடுப்பு எரிக்கிற கேஸ் மாதிரி ஏதோ குளிரில் திரவமாகிக் கிடக்கிறது என்பதைக்கூட அவன் வெளி ஆளிடம்தான் பிறகு தெரிந்துகொண்டான்.

நீ போன மறுமாதம் கிணறு வற்றியது. அப்பா இருந்த காலத்தில்கூட வைகாசியில் முழங்கால் அளவு கிடக்கும், இந்த வருஷம் சேறுகூட இல்லை. வெங்காயம் நடவு முடிந்த நேரம். போர் போடுவது என்று ஆனது, எங்கே போடுவது என்றுதான் பேச்சு. நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிட்டு வாரேன், தேங்காயைக் கையில வச்சுக்கிட்டு நடந்து பாத்துச் சொல்லுவாரு என்றான் தம்பி. நான்தான் வேண்டாம் என்றேன். சனி மண்டலத்தில் ஏரி பார்க்கிற பெண்ணைப் பெற்றுவிட்டுத் தேங்காய்க்காரன் பின்னால் நான் நடக்கணுமா என்றேன். அப்போதுதான் அவனுக்கு யோசனை வந்தது. வத்தலக்குண்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நாசரிடம் போனான். நம் ஊரையும் மேலே இருந்து ரேடாரில் எடுத்த படம் சும்மாவே கிடைக்கிறது என்று அந்தப் பையன் எடுத்துப் பெரிய தாளில் போட்டுக் கொடுத்தான். கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்த பள்ளம் கருப்பாக இருந்தது. அதே கருப்பு நம் நிலத்தில், சரியாகக் களத்து மேல். மேற்கு மூலை வெளேரென்று இருந்தது. தம்பி அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான் பார், பரீட்சையில் பாஸானவன் மாதிரி வந்தான்.

அவனிடம் பொத்தான் போன்தானே, என் போனில்தான் படம் பிடித்து உனக்கு அனுப்பினோம். அனுப்பிவிட்டு உடனே உன்னைக் கூப்பிட்டேன். ஏம்மா கருப்பா இருக்கே, நீ சொன்ன மாதிரி தண்ணியா என்று கேட்டேன். ஆமாம்மா, கருப்பாத்தான் தெரியுது, அப்படித்தான் இருக்கும், மீட்டிங்ல இருக்கேன், பெறவு பேசுறேன் என்று வைத்துவிட்டாய். எத்தனை நிமிஷம் பார்த்தாய் புவனா. தம்பி பக்கத்திலேயே நின்றான். ஆமான்னுட்டா என்றேன். அவன் அன்றைக்கே போர் வண்டிக்குச் சொல்லிவிட்டான்.

இரண்டாம் நாள் விடியக்காலையில் வண்டி வந்து களத்து நடுவில் நின்றது. உன் அப்பா செம்மண் கொட்டி, கல் உருளையால் உருட்டி உருட்டி, வருஷா வருஷம் நான் சாணிப்பால் தெளித்து, ஒரு தானியம் சிந்தினால் கண்ணில் படுகிற மாதிரி வைத்திருந்த அரை ஏக்கர் களம், ஊர்ச் சோளம் பாதி அதில்தான் காயும். சூடம் கொளுத்தி எலுமிச்சம்பழம் நறுக்கித் தொடங்கினார்கள். தெருவே வந்து நின்றது. எம் மக வானத்துல இருந்தே பாத்துச் சொல்லிட்டா என்று நான் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டு நின்றேன். முந்நூறு அடி, புழுதி. அறுநூறு அடி, புழுதி. மத்தியானத்துக்கு மேல் வெள்ளைக் கல் மாவாகப் பறந்து வந்து தம்பி தலை, புருவம், மீசை எல்லாம் அப்பிக்கொண்டது. ஆயிரத்து நூறு அடியில் போர்க்காரரே கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டார். தம்பி செத்த நேரம் அந்தக் குழாய்க்குள் காதை வைத்துக் கேட்டான். கேட்டுவிட்டு எழுந்து போய் மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டான். ஏளனம் பண்ண ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போர்க்காரருக்குக் கொடுக்க மேற்கு மூலையை ஒச்சாயி வீட்டுக்குக் கிரயம் பண்ணினோம். ஆடியில் அவர்கள் அங்கே போர் போட்டார்கள். இருநூற்றெண்பது அடியில் தண்ணீர் பொங்கி அடித்தது. ஈரம் இருக்கும் மண் அந்த மாதிரிப் படத்தில் வெளுப்பாகவும் தெரியலாம் என்று நாசர் எங்கேயோ படித்துவிட்டு வந்து தம்பியிடம் சொன்னானாம். இப்போது குடிக்கிற தண்ணீருக்கு நான் குடத்தை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குத்தான் போகிறேன். ஒச்சாயி நல்லவள், நான் கேட்கும் முன்னே மோட்டாரைப் போட்டுவிடுவாள். தண்ணீர் இனிக்கத்தான் செய்கிறது. அந்த மாசமே தம்பி திருப்பூர் போய்விட்டான். மாதம் ஒரு தடவை வருகிறான், கை நகமெல்லாம் நீலம், தேய்த்தாலும் போக மாட்டேன் என்கிறது, சோற்றில் கை வைத்தால் எனக்குத்தான் குமட்டுகிறது. உன்னை அக்கா என்று சொல்வதில்லை. அந்தப் பொண்ணு என்கிறான். போன தடவை வந்தபோது நாசர் கொடுத்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டான்.

இதுவரைக்கும் படித்ததும் நீ உன் போனை எடுத்துத் தேடியிருப்பாய். தேடாதே, எனக்குத் தெரியும். வண்டி வந்த அன்றைக்கு, நூறு அடிகூட இறங்கியிருக்காது, உன் மெசேஜ் வந்தது. அம்மா, படத்த இப்பத்தான் ஒழுங்காப் பாத்தேன், அது தண்ணி இல்ல, தரை வழவழன்னு இருந்தாலும் அலை சறுக்கி வேற பக்கம் போயிரும், திரும்பி வராது, அதனால கருப்பாத் தெரியும், அது நம்ம களம்மா, அங்க போர் போடாதீங்க, தம்பிகிட்ட ஒடனே சொல்லுங்க. மனப்பாடமாகச் சொல்கிறேன் பார். தம்பிக்கும் நீ மூன்று தடவை அடித்திருக்கிறாய், வண்டிச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. நான் படித்தேன். எனக்கு முன்னால் தெரு முழுக்க நிற்கிறது, எம் மக வானத்துல இருந்து பாத்துட்டா என்று சொல்லி வாய் மூடவில்லை, இப்போது போய் நிறுத்துங்க, எம் மக மாத்திச் சொல்றா என்று எந்த முகத்தோடு சொல்வேன். வந்தாலும் வந்துவிடும் என்றும் ஒரு நப்பாசை. சரி, சொல்லிட்டேன், போடல என்று உனக்கு ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனை மடியில் செருகிக்கொண்டேன். சாயங்காலம் மோட்டார் ரூமை விட்டு வெளியே வந்து தம்பி கேட்டான், அக்கா என்னதாம்மா சொன்னா என்று. அவ ஆமான்னுதான்டா சொன்னா என்றேன். அது பொய் இல்லை, நீ சொன்னதுதான். மீதியைச் சொல்லவில்லை. நீ அவனுக்கு அரை வரி போதும் என்று வைத்தாய், நானும் அவனுக்கு இம்புட்டுப் போதும் என்று வைத்துவிட்டேன். என் வயிற்றில் பிறந்தவள்தானே நீ.

நீ சரியாகத்தான் சொன்னாய். அதனால்தான் உன் குரலைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. தப்பாகவே சொல்லியிருந்தால் உன்னைத் திட்டிவிட்டு ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். இப்போது கேள். நீ தை மாதம் வா, உன் பள்ளிக்கூடத்தில் மாலை போடுகிறார்களாம், வாங்கிக்கொள், வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ. திருப்பூர் போகாதே. போனாலும் அவனிடம் அந்த மெசேஜைக் காட்டாதே. அவன் உன்னை வெறுக்கட்டும். நீ எட்டாத தூரத்தில் இருக்கிறாய், உனக்குச் சம்பளம் இருக்கிறது, பார்க்க ஒரு நிலா இருக்கிறது, தாங்கிக்கொள்வாய். மாசியில் வீடு பார்த்துவிட்டு என்னையும் திருப்பூருக்கே கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் என்னை வெறுத்துவிட்டால் நான் யார் கையால் சோறு தின்பேன். உன்னோடு வந்து இரு என்பாய், வேண்டாம் தாயி, அந்தப் பனியில் நீ மீட்டிங்கில் இருப்பாய், நான் சுவரோடு பேச வேண்டும். உன்னைத்தான் நான் கொடுக்கிறேன் புவனா, அவனைக் கொடுக்க முடியாது. பெற்றவள் இப்படிக் கேட்கலாமா என்று கேட்காதே, கேட்டுவிட்டேன்.

இங்கே நான்கு நாளாக மழை. வர வேண்டிய நாளில் வராமல் இப்போது கொட்டுகிறது. போர் வண்டி குதறிப் போட்ட பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, களம் முழுக்க விளிம்பு வரைக்கும் நிற்கிறது, மூடி போட்ட குழாய் மட்டும் நடுவில் ஒரு சாண் தெரிகிறது. உன் படத்தில் பார், இப்போது நிஜமாகவே ஏரிதான்.

நல்லாயிரு, நூறு வயசு இரு, உனக்கு ஒரு குறையும் வராது, நாளைக்குச் சனிக்கிழமை, உன் பேருக்குத்தான் எள் விளக்குப் போடுவேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அந்த மெசேஜை உன் போனிலும் அழித்துவிடு, என் போனில் அன்றைக்கே அழித்துவிட்டேன். படித்ததும் இந்தக் கடிதத்தையும் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
பழனியம்மாள்